சங்கமும் கல்லூரியும்: கோலார் தங்கவயல் தமிழரின் முதியோர் கல்வி வரலாறு

0. முன்னுரை

ஓர் ஊரின் கல்வி வரலாற்றை எழுதுவோர் அங்கு எந்த ஆண்டில் பள்ளி தோன்றியது, எந்த ஆண்டில் கல்லூரி தோன்றியது என்று வரிசைப்படுத்துவது வழக்கம். இம்முறை நிறுவனங்களின் வரலாற்றைத் தரும். கற்றவர்களின் வரலாற்றை முழுமையாகத் தருவதில்லை. பகலெல்லாம் உழைத்து, இரவில் ஓர் இதழை ஒருவர் படிக்கப் பலர் கேட்டறிந்த சமூகத்தின் கல்வி அந்த வரிசையில் இடம்பெறாமலே போய்விடும். பங்காருபேட்டையை அடுத்த கோலார் தங்கவயலின் தமிழ்ச் சுரங்கத் தொழிலாளர் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

முதியோர் கல்வியிலும் சமூகக் கல்வியிலும் கல்லூரி ஆற்றத்தக்க பணி யாது என்ற வினாவை இவ்வூரின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். கல்லூரி இல்லாத காலத்தில் அதன் பணியைச் சங்கம் எவ்வாறு செய்தது, கல்லூரிகள் இவ்வரலாற்றைத் தொட்ட இடங்கள் எவை, இன்று எஞ்சி நிற்கும் மொழிச் சிக்கல் யாது என்னும் மூன்றும் முறையே எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

1. சொற்கள் காட்டும் கருத்து

முதலில் கலைச்சொற்களை நோக்குவது பயன் தரும். ‘முதியோர் கல்வி’ என்பது தமிழில் நிலைபெற்ற தொடர். பழந்தமிழ் வழக்கில் முதியோர் என்னும் சொல் அகவையோடு அறிவையும் அனுபவத்தையும் சுட்டியது. அரசுத் திட்டங்களின் வழி அது கல்வித்துறைக்கு வந்தபோது, எழுத்தறியாதவர் என்னும் பொருள் அதன்மேல் ஏறியது. ‘முதியோர் இல்லம்’ என்னும் தொடர் பரவியபின் முதுமைப் பொருளே மேலோங்கியது. ‘வயதுவந்தோர் கல்வி’, ‘தொடர்கல்வி’, ‘வாழ்நாள் கல்வி’ ஆகிய மாற்றுத் தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தமைக்கு இப்பொருள் நெருக்கடியும் ஒரு காரணம் எனலாம்.

கன்னடத்தில் ‘வயஸ்கர சிக்ஷண’ என்பதனோடு ‘லோக சிக்ஷண’ என்னும் தொடரும் வழங்குகிறது. கருநாடக அரசின் துறைப் பெயரிலும் அது இடம்பெற்றுள்ளது. முன்னது கற்பவரின் அகவையைச் சொல்கிறது. பின்னது கற்கும் மக்கள் திரளைச் சொல்கிறது. தங்கவயலில் நிகழ்ந்தது இரண்டாம் வகையைச் சார்ந்தது.

நிறுவனப் பெயர்களும் கருதத்தக்கவை. ‘பள்ளி’ என்னும் சொல் பழந்தமிழில் சமண, பௌத்தத் துறவியர் உறைவிடத்தைக் குறித்து, அங்கு நடைபெற்ற கற்பித்தலின் வழியே கல்விக்கூடத்தைக் குறிக்கலாயிற்று. ‘கல்லூரி’ என்னும் சொல் சமணக் காப்பியமாகிய சீவக சிந்தாமணியில் கலைபயிலும் இடம் என்ற பொருளில் வருகிறது. கற்கும் இடத்தைக் குறிக்கும் இவ்விரு சொற்களின் வரலாறும் சமய வாழ்வோடும் சமயத்தார் இலக்கியத்தோடும் பின்னியது. தங்கவயலில் கல்வி ஒரு சமயச் சங்கத்தின் வழியாக வந்தது என்பதை இப்பின்னணியில் பார்த்தால் அது விதிவிலக்காகத் தோன்றாது.

2. ஊரும் மக்களும்

இன்றைய பங்காருபேட்டை முன்பு பௌரிங்பேட்டை எனப்பட்டது. 1862 முதல் 1870 வரை மைசூர் ஆணையராக இருந்த லெவின் பெந்தம் பௌரிங்கின் பெயரைத் தாங்கிய ஊர் அது. ‘பங்கார’ என்னும் கன்னடச் சொல்லுக்குப் பொன் என்பது பொருள். ஒலியால் பழம்பெயரை நினைவூட்டியும் பொருளால் அண்டையிலிருந்த சுரங்கத்தைச் சுட்டியும் புதுப்பெயர் அமைந்தது. சென்னை – பெங்களூர் இருப்புப்பாதையில் உள்ள இச்சந்திப்பிலிருந்து மாரிக்குப்பத்திற்கு 1894-இல் கிளைப்பாதை இடப்பட்டது.

1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் இங்குச் சுரங்கப் பணியை மேற்கொண்டது. மைசூர், சாம்பியன் ரீப், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகியவை முதன்மைச் சுரங்கங்களாயின. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்னாற்றல் வந்தது. 1901 மக்கள்தொகைக் கணக்கின்படி தங்கவயலின் மக்கள் 38,000-க்கு மேற்பட்டோர். சுரங்கத்தின் அடியில் உழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வடஆர்க்காடு, சேலம் முதலிய தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்த தாழ்த்தப்பட்ட மக்கள். சிற்றூரின் சேரியை விட்டு வந்தவர்களுக்கு இங்கு லைன் வீடும் மாதக் கூலியும் கிடைத்தன. வேலை கடுமையானது, பாறைவெடிப்பும் நுரையீரல் நோயும் உயிரைக் கொண்டுபோயின. எனினும் நிலவுடைமையாளரின் நேரடிப் பிடியிலிருந்து விலகிய, கையில் பணம் புழங்கிய வாழ்க்கை அது. சந்தா கட்டி இதழ் வாங்கவும் நிதி திரட்டிக் கூடம் கட்டவும் இந்நிலை இடமளித்தது.

இங்கிலாந்துடன் ஓர் ஒப்பீடு செய்யலாம். 1873-இல் கேம்பிரிட்ஜ்ப் பல்கலைக்கழகம் தன் சுவர்களுக்கு வெளியே விரிவுரைகளைத் தொடங்கியது. 1880-களில் நார்தம்பர்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் அவ்விரிவுரைகளை ஆர்வத்துடன் கேட்டனர்; 1887-இன் வேலைநிறுத்தத்தோடு அம்முயற்சி தளர்ந்தது. 1899-இல் ஆக்ஸ்போர்டில் தொழிலாளர்க்கென ரஸ்கின் கல்லூரி தோன்றியது. தங்கவயலின் பொறியாளர்கள் பயின்ற வகையைச் சார்ந்த கேம்போர்ன் சுரங்கப் பள்ளி கார்ன்வாலில் 1888-இல் நிறுவப்பட்டது. அங்குத் தொழிலாளியை நாடிப் பல்கலைக்கழகம் சென்றது. இங்கு அவ்வாறு யாரும் வரவில்லை. மைசூர்ப் பல்கலைக்கழகமே 1916-இல்தான் தோன்றியது. தங்கவயல் தொழிலாளர் தாமே தமக்குரிய கல்வியமைப்பை அதற்கு முன்பே உருவாக்கிக்கொண்டனர்.

3. சங்கம் ஆற்றிய பணி

க. அயோத்திதாசப் பண்டிதர் (1845 – 1914) 1898-இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, மாளிகாகந்தை வித்தியோதயப் பிரிவேனாவில் சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். சென்னை திரும்பி இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிரிவேனா என்பது பௌத்தத் துறவியர் பயிலும் கல்லூரி. வித்தியோதயம் 1873-இல் தொடங்கப்பட்டது. ஆகவே, இவ்வியக்கத்தின் தொடக்கத்திலேயே ஒரு கல்லூரி இருக்கிறது. பண்டிதர் அங்கிருந்து கொணர்ந்தது பட்டமோ பாடத்திட்டமோ அன்று. தம் மக்கள் பழைய பௌத்தர் என்னும் கொள்கைக்கு ஓர் ஏற்பு. 

1907-இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழ் மறு ஆண்டில் ‘தமிழன்’ எனப் பெயர் பெற்றது. அதே 1907-இல் மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை தோன்றியது. எம். ஒய். முருகேசர் முதலியோர் அதனை முன்னின்று நடத்தினர். இரங்கூன், தென்னாப்பிரிக்கா எனத் தமிழ்த் தொழிலாளர் சென்ற இடங்களிலும் கிளைகள் இருந்தன. அவற்றுள் தங்கவயல் நெடுங்காலம் வலிமையுடன் நிலைத்தது. பண்டிதர் மறைவுக்குப் பின் நின்றுபோன ‘தமிழன்’ 1926 முதல் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்தே மீண்டும் வெளிவந்தது. சாம்பியன் ரீப்பில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் நூல்களை மறுபதிப்புகளாகத் தந்தது.

இச்சங்கத்தின் செயல்களைக் கல்வியியல் நோக்கில் வகைப்படுத்தினால் ஒரு கல்லூரியின் உறுப்புகள் அனைத்தும் அதில் இருந்தமை புலனாகும். வாரச் சொற்பொழிவு விரிவுரைக்கு நிகரானது. இதழும் நூல்களும் பாடநூல்கள். வாசகசாலை நூலகம். பதிப்பகம் அவ்வூரிலேயே இருந்தது. தேர்வும் பட்டமும் மட்டும் இல்லை. திருமணம், ஈமச்சடங்கு முதலியவற்றைப் பௌத்த முறையில் நடத்தியமையால், கற்றது வாழ்க்கையில் உடனே பயன்பட்டது. முதியோர் கல்வியில் இது சிறப்பாகக் கருதத்தக்கது. அகவை முதிர்ந்தவர் பின்னொரு நாள் பயன்படும் என்று கற்பதில்லை. இன்று பயன்படுவதையே கற்கின்றனர்.

இதழின் வினா-விடைப் பகுதி தனியே குறிப்பிடத்தக்கது. வாசகர் தம் ஐயங்களை எழுதியனுப்ப, பண்டிதர் விடை எழுதினார். ஒரு சாதிப்பெயரின் வரலாறு, ஒரு பண்டிகையின் தோற்றம், ஒரு சொல்லின் பொருள் ஆகியவை வினாக்களாயின. பாடத்தை ஆசிரியர் மட்டும் முடிவு செய்யவில்லை. கற்பவரின் வினாவும் முடிவு செய்தது. பிற்காலத்தில் முதியோர் கல்வி அறிஞர்கள் வற்புறுத்திய ‘கற்போர் நடுவப் பாடத்திட்டம்’ என்பது இங்கு இயல்பாகவே இருந்தது.

4. மொழியைக் கற்பித்த முறை

அயோத்திதாசரின் சொல்லாராய்ச்சியை மொழியியலார் பலர் பொருட்படுத்துவதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஐம்பொறிகளை வென்றமையால் புத்தர் ஐந்திரர் எனப்பட்டார், ஐந்திரர் இந்திரராயிற்று, இந்திரர் தேசம் இந்தியம் ஆயிற்று என்பது ‘இந்திரர் தேச சரித்திர’த்தின் வாதம். ஒப்பியல் மொழியியல் இதனை ஏற்காது. ‘இந்தியா’ என்பது சிந்து என்னும் ஆற்றுப் பெயரின் பாரசீக, கிரேக்க வடிவங்களின் வழி வந்தது. ஆகவே, பண்டிதரின் விளக்கம் நாட்டார் சொற்பிறப்பியல் என்னும் வகையில் அடங்கும்.

ஆயினும் கல்வி வரலாற்றில் கேட்க வேண்டிய வினா வேறு. இவ்விளக்கம் கேட்டவர்க்கு என்ன கற்பித்தது? தன்னை இழிவுபடுத்தும் ஒரு பெயர் இயற்கையானது அன்று, அதற்கும் ஒரு வரலாறு உண்டு என்று கற்பித்தது. சொல்லை அப்படியே ஏற்காமல், அது எங்கிருந்து வந்தது, யார் வழங்கினர், யாருக்காக வழங்கினர் என்று வினவும் பழக்கத்தைத் தந்தது. விடை பிழைபட்டிருப்பினும் வினா பிழைபடவில்லை. எழுத்தறிவு இயக்கங்களில் ஒரு முதன்மைச் சொல்லை எடுத்து, அதனைச் சூழ்ந்த வாழ்க்கையை ஆராய்ந்து, பின் எழுத்தைக் கற்பிக்கும் முறையைப் பாவ்லோ பிரையர் 1960-களில் பிரேசிலில் கையாண்டார். சொல்லைத் தொடக்கமாகக் கொண்டு சமூக நிலையை ஆராய்தல் என்ற அளவில் இவ்விரண்டும் ஒப்பிடத்தக்கவை. பிரையர் எழுத்தறிவை நோக்கிச் சென்றார். பண்டிதர் வரலாற்றை நோக்கிச் சென்றார் என்பது வேறுபாடு.

பௌத்தக் கருத்துகளைத் தமிழில் தருவதில் அவர் கொண்ட முறை மொழிபெயர்ப்பாளர் கவனத்திற்குரியது. அக்காலத்தில் பௌத்த நூல்கள் ஆங்கில வழியாகவே பெரிதும் அறிமுகமாயின. சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பின்னர் பச்சையப்பன் கல்லூரியிலும் அறிவியல் கற்பித்த பி. லட்சுமி நரசு 1907-இல் பௌத்த சாரம் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் புகழ்பெற்றது. அம்பேத்கரின் முன்னுரையுடன் 1948-இல் மறுபதிப்பும் பெற்றது. இயக்கத்தைக் கல்லூரி தொட்ட இரண்டாம் இடம் இது. அயோத்திதாசரோ ஆங்கிலத்திலிருந்தும் பாலியிலிருந்தும் சொற்களைப் பெயர்ப்பதை முதன்மையாகக் கொள்ளாமல், மணிமேகலை, வீரசோழியம், நிகண்டுகள், ஏட்டுச்சுவடிகள், செவிவழி மரபு ஆகியவற்றில் சொற்களைத் தேடினார். ‘புத்தரது ஆதிவேதம்’ இம்முறையில் அமைந்தது. இங்கு மொழிபெயர்ப்பு என்பது பிறமொழிக் கருத்தை வரவழைத்தல் அன்று. மறந்த சொல்லை நினைவூட்டல். கற்பவருக்குப் பௌத்தம் புதிய செய்தியாக அல்லாமல் இழந்த உடைமையாக அறிமுகமாவதற்கு இச்சொல்லாட்சியே காரணமாயிற்று.

இம்முறையின் குறைகளையும் கூறவேண்டும். பண்டிதரின் நடை வடசொல் கலந்த, நீண்ட தொடர்களைக் கொண்ட நடை. எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு அது எளிதன்று. சுரங்கத்தில் வழங்கிய, ஆங்கிலமும் கன்னடமும் தெலுங்கும் விரவிய பேச்சுத்தமிழ் அந்நடையில் இடம்பெறவில்லை. எனினும் ஒருவர் படிக்கப் பலர் கேட்கும் சூழலில் இக்குறை ஓரளவு நீங்கியிருக்கும். படிப்பவர் நிறுத்துவார், விளக்குவார், கேட்பவர் இடையிட்டு வினவுவார். எழுத்தறிவைத் தனிமனிதர் திறனாக மட்டும் அளக்கும் மக்கள்தொகைக் கணக்கு இத்தகைய கூட்டு வாசிப்பை அளக்க வல்லதன்று.

5. ரேகையும் எழுத்தும்

1930-ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தை இவ்விடத்தில் நினைவுகூரலாம். தொழிலாளரின் விரல்ரேகையைப் பதிவு செய்ய நிறுவனம் முற்பட்டபோது ஆயிரக்கணக்கானோர் வேலைக்குச் செல்ல மறுத்தனர். மூன்று வாரம் அளவும் சுரங்கங்கள் முடங்கின. குற்றவாளிக்கு உரிய அடையாளத்தைத் தொழிலாளிக்கு இடுவதா என்பது அவர்கள் எழுப்பிய வினா. வரலாற்றறிஞர் ஜானகி நாயர் இப்போராட்டத்தை விரிவாக ஆராய்ந்துள்ளார்.

சங்கக் கல்வியே இப்போராட்டத்தை விளைவித்தது என்று கூறுவது மிகையாகும். கூலி, வேலைநிலை, நிருவாகத்தின் கண்காணிப்பு எனப் பல காரணங்கள் இருந்தன. ஆயினும், ‘கைநாட்டு’ என்னும் சொல் எழுத்தறியாமையையும் இழிவையும் ஒருசேரச் சுட்டும் மொழியில், தன் பெயரின் வரலாற்றைக் கால் நூற்றாண்டாக விவாதித்த ஊரில், ரேகைப்பதிவு வெறும் அலுவல் நடைமுறையாகத் தோன்றவில்லை என்பது கருதத்தக்கது.

6. அரசுத் திட்டங்களும் கல்லூரிகளும்

விடுதலைக்குப் பின் சுரங்கங்கள் 1956-இல் மைசூர் அரசிடமும் 1962-இல் நடுவண் அரசிடமும் வந்தன. 1972-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1978 அக்டோபர் 2-இல் தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் அதில் ஈடுபடுத்தப்பட்டன. கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றோடு விரிவுப்பணியும் உயர்கல்வியின் மூன்றாம் கடமையாக ஏற்கப்பட்டது. 1988-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டின் அறிவொளி இயக்கம், சிறப்பாகப் புதுக்கோட்டையில், பெண்களைப் பெருந்திரளாக ஈர்த்தது. 2022-இல் தொடங்கிய புதிய எழுத்தறிவுத் திட்டம் ‘முதியோர் கல்வி’ என்பதற்கு மாற்றாக ‘அனைவருக்கும் கல்வி’ என்னும் கருத்தை முன்வைக்கிறது.

இத்திட்டங்களின் பயன் பெரிது. ஆயினும் இவை பெரும்பாலும் இல்லாமையிலிருந்து தொடங்கின: எழுத்தறிவு இல்லை, ஆகவே கற்பிக்க வேண்டும். தங்கவயல் சங்கம் உள்ளதிலிருந்து தொடங்கியது: நினைவு உண்டு, ஆகவே அதனை எழுத்தாக்க வேண்டும். கல்லூரி சமூகக் கல்வியில் இறங்கும்போது இவ்விரு தொடக்கங்களில் எதனைத் தேர்கிறது என்பதே அதன் பணியைத் தீர்மானிக்கும்.

இரண்டாம் வகைக்குத் தமிழ்நாட்டில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. கல்லூரி இவ்வரலாற்றைத் தொட்ட மூன்றாம் இடமும் அதுவே. 1999-இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ நூலை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அன்பு பொன்னோவியம் போன்றோர் தம் இல்லங்களில் காத்துவைத்த ‘தமிழன்’ இதழ்கள் அதற்கு மூலமாயின. அத்தொகுதிகளுக்குப் பின்னரே பண்டிதர் பல்கலைக்கழக ஆய்வுக்கும் பொதுவாசிப்புக்கும் பரவலாக வந்தார். இங்குக் கல்லூரி மக்களுக்குக் கற்பிக்கவில்லை. மக்கள் காத்ததைப் பதிப்பித்துத் திருப்பித் தந்தது. வகுப்பு நடத்துவதினும் இது குறைந்த பணியன்று.

7. இன்றைய சிக்கல்

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்று முதல் தங்கவயலின் உழைப்பாளர் பலர் விடியலில் தொடர்வண்டி ஏறி, பங்காருபேட்டை வழியாகப் பெங்களூர் சென்று இரவில் திரும்புகின்றனர். அவர்தம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பயில்கின்றனர். கருநாடகத்தில் வாழ்வோர் கன்னடம் கற்பது முறையானதும் பயனுடையதும் ஆகும். ஆயினும் ஒரு முரண் தோன்றியுள்ளது. ரேகை வைத்த பாட்டனார் ‘தமிழன்’ இதழைக் கேட்டு விளங்கிக்கொண்டார்; பட்டம் பெற்ற பேரர் அதனைப் படிக்க இயலாதவராக இருக்கிறார். வீட்டில் தமிழ் பேசுபவர், தமிழ் எழுத்தை அறியாதவர். எந்த எழுத்தறிவுக் கணக்கிலும் இவர் எழுத்தறிவற்றவராக வரமாட்டார். தம் முன்னோர் எழுதியதன் முன்னே அவர் எழுத்தறிவற்றவரே.

இச்சிக்கலுக்குப் பொது அரிச்சுவடி உதவாது. பேச்சை அறிந்த, வேறோர் எழுத்தையும் அறிந்த வயதுவந்தோர்க்கு உரிய பாடம் வேண்டும். கன்னட எழுத்தும் தமிழ் எழுத்தும் பிராமியிலிருந்து கிளைத்தவை. அகர வரிசையும் உயிர்மெய் அமைப்பும் ஒத்தவை. வேறுபாடு ஒன்றே முதன்மையானது. கன்னடம் ஒலிப்புடை, ஒலிப்பிலா, மூச்சொலி எழுத்துகளைத் தனித்தனியே உடையது. தமிழில் ஒரு வல்லெழுத்தே இடத்திற்கேற்ப ஒலிக்கும். சொல்முதலிலும் இரட்டிக்கும் இடத்திலும் ஒலிப்பின்றியும், மெல்லெழுத்தின் பின்னும் உயிர்களின் இடையிலும் ஒலிப்புடனோ உரசொலியாகவோ வரும். தமிழை ஏற்கெனவே பேசுபவர்க்கு இவ்விதியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அவர் நாவில் உள்ளதை எழுத்தோடு இணைத்தாலே போதும். சில வாரங்களில் முடியத்தக்க பாடம் இது. ஞாயிறு வகுப்பாக ஓர் உள்ளூர்க் கல்லூரி இதனை நடத்த இயலும். 1969 முதல் மைசூரில் இயங்கும் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் போன்றவற்றின் இரண்டாம் மொழிப் பாட அனுபவமும் இதற்குத் துணைசெய்யும்.

இதனோடு கன்னட மொழிபெயர்ப்பும் இணையவேண்டும். தங்கவயலின் வரலாறு தமிழர்க்கு மட்டும் உரியதன்று. கன்னட மண்ணின் வரலாறும் ஆகும். ஆனால் பண்டிதரை மொழிபெயர்ப்போர் அவர் சொல்லாராய்ச்சியில் இடறுவர். ‘ஐந்திரர்’ என்பதைக் கன்னடத்தில் பஞ்சேந்திரியங்களை வென்றவர் என்று பொருள்படப் பெயர்த்தால் கருத்து வரும், வாதம் அழியும். கன்னடத்திலும் ஐந்து என்பதற்குரிய ‘ஐது’ என்னும் சொல்லில் ஐகாரம் நிலைத்திருப்பதால், மூலச்சொல்லை எழுத்துப்பெயர்த்து, ‘ஐது’ என்பதோடு இணைத்து விளக்குவது பொருந்தும். திராவிட மொழிகளிடையே மொழிபெயர்ப்போருக்கு வாய்க்கும் நலன் இது. ஆங்கிலத்தில் இது வாய்க்காது.

8. முடிவுரை

தங்கவயல் வரலாற்றில் கல்லூரி மூன்று முறை வருகிறது: தொடக்கத்தில் கொழும்பின் பிரிவேனாவாக, இடையில் சென்னைப் பேராசிரியர் ஒருவரின் நூலாக, இறுதியில் பாளையங்கோட்டையின் பதிப்பாக. மூன்றும் ஊருக்கு வெளியே இருந்தன. ஊருக்குள் அப்பணியைச் செய்தது தொழிலாளரின் சங்கம். இன்று அவ்வட்டாரத்தில் கல்லூரிகள் உள்ளன. 2017-இல் கோலாரைத் தலைமையிடமாகக் கொண்டு ஒரு பல்கலைக்கழகமும் அமைந்தது. ஆனால் பழைய சங்கத்தின் சொற்பொழிவைக் கேட்டவர்களின் பிள்ளைகளே இப்போது முதியோராகிவிட்டனர். அவர்களிடம் உள்ள நூல்களையும் நினைவுகளையும் தொகுப்பதும், அவற்றைப் படிக்கும் திறனை அவர்தம் பேரர்க்கு அளிப்பதும் ஒரே பணியின் இரு பகுதிகள். அவற்றுள் முன்னதற்குக் காலம் மிகக் குறுகியது. முதலில் அதனைத் தொடங்குதல் வேண்டும்.